பச்சைப் புள்ளியும் அணுவிரதமும்

ஐந்து அணுவிரதங்கள், மூன்று குணவிரதங்கள், நான்கு சிட்சாவிரதங்கள் எனச் சிராவகர்க்குரிய பன்னிரு விரதங்களையும் நம் பிள்ளைகள் ஞாயிறு பாடசாலையில் பிழையின்றி ஒப்பிப்பர். அவ்வாறு ஒப்பித்த சிறுமியை நிறுத்தி, "கடைத்தெருவுக்குச் செல்லும்போது இவற்றுள் எவையெல்லாம் உன்னுடன் வரும்?" என்று வினவினால் திகைத்து நிற்பாள். அவள்மேல் குற்றமில்லை. விரதங்கள் ஆலயத்தோடும் உபவாச நாள்களோடும் சேர்த்தே பெரும்பாலும் கற்பிக்கப்படுகின்றன. பையும் பணமுமாக வீட்டை விட்டுப் புறப்படும் வேளைக்கு அவை உரியன என்று யாரும் சொல்வதில்லை.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க, பருப்பொருளிலிருந்து நுண்பொருளுக்குச் செல்க என்று ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் எமக்குக் கற்பித்தனர். ஆதலின் இக்கட்டுரையில் கடையிலிருந்து தொடங்கி விரதத்திற்குச் செல்ல விழைகிறோம்.

நாம் எடுத்துக்கொள்ளும் கடை, இப்போது சிறு நகரங்களிலும் காணப்படும் 'இயற்கை அங்காடி'. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் (1938–2013) ஊர் ஊராகச் சென்று கூறியவற்றைக் கேட்ட இளைஞர் சிலர் பின்னாளில் இத்தகைய கடைகளைத் திறந்தனர். சிறியதோர் அறை. ஒருபுறம் மாப்பிள்ளைச் சம்பா, கிச்சிலிச் சம்பா, கருப்புக் கவுனி ஆகிய அரிசி மூட்டைகள். மறுபுறம் வரகு, சாமை, தினை, குதிரைவாலி. மரச்செக்கு எண்ணெய்த் தகரங்கள், பனங்கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை. அலமாரியில் சோப்பு, பல்பொடி, மூலிகைத் தூள்கள், சத்து மாத்திரைகள், பல அளவுப் புட்டிகளில் தேன். எங்கள் ஊரில் அத்தகைய கடை ஒன்றுக்கு, வகுப்பிற்கு வரும் தாய்மார் எண்மருடன் பாடமாகவே ஒருநாள் சென்றிருந்தோம். உள்ளே நுழைந்ததும் அவர்களுள் ஒருவர், "இங்கே முட்டை இல்லை, மீன் வாடை இல்லை, கண்ணை மூடிக்கொண்டு எதையும் எடுக்கலாம்" என்றார். அந்த ஒரு வாக்கியமே நம் ஆராய்ச்சிக்குரிய பொருள்.

முதலில் ஓர் அடிப்படையை நினைவிற் கொள்ள வேண்டும். இம்சை என்பது கையால் செய்வது மட்டுமன்று. தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என்னும் மூன்றும், மனம் மொழி மெய் என்னும் மூன்றோடு உறழ ஒன்பதாகும் என்பது ஆகமம் கூறும் கணக்கு. விலை கொடுத்து வாங்குபவர் இந்த ஒன்பதினுள் எங்கோ ஓரிடத்தில் நிற்கிறார். திருக்குறளில் புலால் மறுத்தல் அதிகாரத்தின் ஆறாம் குறளும் இதையே கூறுகிறது. தின்பார் வேண்டாரெனின் விற்பாரும் இரார் என்பது அதன் கருத்து. ஊனைப் பற்றிச் சொன்ன இக்கருத்து, ஊன் என்று பெயர் எழுதப்படாத பண்டங்களுக்கும் பொருந்துமா என்பதே இன்றைய வினா.

உறையின்மேல் உள்ள பச்சைப் புள்ளியைப் பார்த்தால் போதாதா என்று கேட்பர். பச்சைச் சதுரத்தினுள் பச்சை வட்டம் இருந்தால் சைவம். அசைவத்திற்கு முன்பு பழுப்பு வட்டம் இருந்தது. 2020ஆம் ஆண்டின் விதிகள் அதனைப் பழுப்பு முக்கோணமாக மாற்றின. நிறம் பிரித்தறிய இயலாதவரும் வடிவத்தால் அறியலாம் என்பதால் அது நல்ல மாற்றமே. ஆனால் அந்த விதிகள் அசைவம் என்பதற்குத் தரும் இலக்கணத்தை நம்மவர் ஊன்றிப் படிக்க வேண்டும். விலங்கு, பறவை, பூச்சி, மீன், முட்டை, விலங்கிலிருந்து வரும் பொருள் எதுவாயினும் அசைவம் என்று கூறிவிட்டு, அதே மூச்சில் பால், பாற்பொருள், தேன், தேன்மெழுகு, அரக்கு ஆகியவற்றுக்கு விலக்கு அளிக்கிறது அந்த இலக்கணம். எனவே தேன்புட்டியின்மேல் பச்சைப் புள்ளி இருப்பதில் சட்டப்படி பிழையேதும் இல்லை. அரக்குப் பூசிய மிட்டாயின்மேலும் அது இருக்கலாம். அரசாங்கம் தன் வினாவிற்குச் சரியான விடையைத்தான் அச்சிட்டுள்ளது. அணுவிரதம் கேட்கும் வினா வேறு.

தேனைப் பற்றிச் சிறிது நின்று பேச வேண்டும். ஏனெனில் இயற்கை அங்காடியில் தேனுக்கே தலைமை இடம். நம் சமயத்திலோ மது, மாமிசம், தேன் என்னும் மூன்றையும் விட்டு ஐந்து அணுவிரதங்களைக் கைக்கொள்வதே இல்லறத்தாரின் எட்டு மூலகுணங்கள் என்று ஆசாரியர் சமந்தபத்திரர் வகுத்தார். விரத வரிசையில் ஏறுவதற்கு முன்னரே தேன் விலகிவிடுகிறது. உழைக்கும் தேனீ ஒன்று தன் வாழ்நாள் முழுவதும் அலைந்து சேர்ப்பது தேக்கரண்டியில் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவே என்று தேனீ வளர்ப்போர் கூறுவர். ஒரு கரண்டித் தேன் பன்னிரண்டு உயிர்களின் வாழ்நாள் உழைப்பு. கடைக்கார இளைஞர் நம்மிடம், "இது பெட்டித் தேன் டீச்சர், அடையைப் பிழிவதில்லை, சுழற்றித்தான் எடுக்கிறார்கள், ஈ சாகாது" என்றார். பழைய முறையில் கூட்டைக் கொளுத்திப் புழுக்களோடு பிழிந்ததற்கு இது எவ்வளவோ மேல் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் நம் நூல்கள் தேனைக் கொலைக் குற்றத்தோடு நிறுத்தவில்லை. அது நுண்ணுயிர்கள் தோன்றுமிடம் என்றும் கூறுகின்றன. அன்றியும், தேனீ தன் குஞ்சுகளுக்கெனச் சேர்த்ததை அது கொடாமலே எடுத்தல் மூன்றாம் அணுவிரதத்தையும் தொடும்.

மருந்தைத் தேனில் குழைத்துண்ணச் சொல்கிறார்களே என்று பாட்டிமார் கேட்பதுண்டு. பனங்கற்கண்டுப் பாகோ வெல்லப் பாகோ அவ்விடத்தை நிரப்பும். உக்கிராதித்தியர் என்னும் சமண ஆசாரியர் 'கல்யாணகாரகம்' என்ற மருத்துவ நூலையே மது, மாமிசம், தேன் என்னும் மூன்றையும் விலக்கி இயற்றினார். அந்த மூன்றும் இன்றி மருத்துவம் நடவாது என்று சொல்வோர்க்கு அந்நூலே விடை.

இனி எண்கள். உறையின் பின்புறம் பொடியெழுத்தில் 'ஐ.என்.எஸ்.' என்ற குறியோடு சில எண்கள் வரும். வீட்டில் கண்ணாடி அணியாமல் படிக்கக்கூடியவர் யாரோ அவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். 901 தேன்மெழுகு. 904 அரக்கு, அரக்குப் பூச்சிகள் மரக்கிளைகளில் சுரந்து மூடிக்கொள்ளும் கூட்டைச் சுரண்டி உருக்கி எடுப்பது. மாத்திரைகள், மிட்டாய்கள், சில வேளைகளில் பளபளக்கும் ஆப்பிள்கள் ஆகியவற்றின்மேல் பூச்சாக வரும். 120 என்பது கார்மைன் என்னும் செந்நிறம். கள்ளிச் செடியில் வாழும் ஒருவகைப் பூச்சியை உலர்த்தி எடுப்பது. வெளிநாட்டு இனிப்புகளை வாங்குவோர் இந்த எண்ணை மறத்தலாகாது. 471, 631 ஆகியவை இருவழியும் வரலாம். தாவரத்திலிருந்தும் செய்வர், விலங்கிலிருந்தும் செய்வர், எண்ணைப் பார்த்து எது என்று கூற இயலாது. இந்த 631ஐ எடுத்துக்காட்டாகக் கொண்ட வழக்கொன்றில்தான் 2021 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம், உணவில் சேரும் பொருள் ஒவ்வொன்றும் தாவரத்திலிருந்து வந்ததா, விலங்கிலிருந்து வந்ததா, ஆய்வுக்கூடத்தில் ஆக்கப்பட்டதா என்பதை முழுமையாக வெளியிட வேண்டும் என்று உத்தரவிட்டது. எண்ணை மட்டும் எழுதினால் வாங்குபவர் அறிய மாட்டார் என்பதே வழக்கின் சாரம். வீட்டுப் பெண்கள் பல காலமாகச் சொல்லிவருவதும் அதுவே.

2022ஆம் ஆண்டு விதிகளின்படி 'வீகன்' உணவுக்கெனத் தனி முத்திரையும் வந்துள்ளது. பச்சைச் சதுரத்தினுள் ஆங்கில 'வி' எழுத்தும் சிறு இலையும் இருக்கும். பாலும் அருந்தாதவர்களுக்கானது அது. பால் அருந்தும் நமக்கும் அது பயன்படுகிறது, தேனும் அரக்கும் அதற்குள் நுழைய இயலாதாகையால். எனினும் அதிலும் காளான் இருக்கலாம், ஈஸ்ட் இருக்கலாம், பூண்டு இருக்கலாம். சில உறைகளில் 'ஜெயின்' என்றே அச்சிட்டிருப்பர். வெங்காயம், பூண்டு, கிழங்கு சேரவில்லை என்ற அளவில் வணிகர் அச்சொல்லை வழங்குகின்றனர். நம் பெயரைப் பார்த்த மகிழ்ச்சியில் பின்புறத்தைப் படிக்காமல் விடுவோர் உண்டு.

சத்து மாத்திரைகளின் உறைகுளிகை பெரும்பாலும் ஜெலட்டின். அது மாட்டின் எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுப்பது. தாவர நாரினால் செய்த குளிகைகளும் கிடைக்கின்றன. கேட்டு வாங்க வேண்டும். வைட்டமின் டி3 பெரும்பாலும் ஆட்டு ரோமத்தின் கொழுப்பிலிருந்து வருவது. பாசியினத்திலிருந்து எடுத்ததும் உண்டு. மீனெண்ணெய்க்கு மாற்றாக ஆளிவிதையை வறுத்துப் பொடித்து வைத்துக்கொள்ளும் பழக்கம் நம் வீடுகளில் பரவிவருவது நல்லதே. சோப்பில் 'சோடியம் டாலோவேட்' என்று கண்டால் விலங்குக் கொழுப்பு என்று அறிக. பட்டும் முத்தும் தனிக் கட்டுரைக்குரியவை; இங்கே தொடவில்லை.

இதுவரை சொன்னவை எழுத்தறிந்தோர் எல்லாரும் ஒரு மாலையில் கற்றுக்கொள்ளக் கூடியவை. கடினமான பகுதி இனித்தான் வருகிறது.

'இயற்கை விளைபொருள்' என்பதற்கும் முத்திரைகள் உண்டு. 2017 முதல் 'ஜைவிக் பாரத்' என்னும் குறியை உறைகளில் காணலாம். உழவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை மற்றவர் பார்த்துச் சான்றளிக்கும் 'பி.ஜி.எஸ். இந்தியா' முறையும் உண்டு. இவை கூறுவது ஒன்றே: செயற்கை உரமும் இரசாயனப் பூச்சிக்கொல்லியும் இடாமல் விளைந்தது என்பது. அந்த நிலத்துக்கு என்ன இட்டனர் என்பதை இவை கூறா. இயற்கை வேளாண்மையில் எலும்புத் தூளும் உரமாகும். மீன் கழிவை வெல்லத்தோடு ஊறவைத்து வடிக்கும் மீன் அமிலம் பயிர் வளர்ச்சிக்குத் தெளிக்கப்படுகிறது. முட்டையை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்த கரைசலும் தெளிக்கப்படுகிறது. நம் சமுதாயத்தில் வந்தவாசி, செய்யாறு, செஞ்சி, திண்டிவனம் பக்கங்களில் உழவே தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் பல. அவர்களுக்கு இது புதிய செய்தியன்று. பட்டணத்தில் குடியேறிய பிள்ளைகளுக்குப் புதிது.

அன்று கடைக்காரரிடம் ஒரு தாய், "இந்தக் கத்தரிக்காய் விளைந்த தோட்டத்தில் மீன் அமிலம் தெளிப்பார்களா, தம்பி?" என்று கேட்டார். அவர் மறைக்காமல், "தெளிப்பாங்க, அம்மா" என்றார். வந்த எண்மரும் இரண்டு கட்சியாயினர். இனி இக்கடையே வேண்டாம் என்றனர் சிலர். அப்படியானால் பெரிய சந்தைக் கத்தரிக்காய்க்குத் தெளிக்கும் பூச்சிமருந்தில் மடியும் உயிர்களுக்கு யார் கணக்கு வைப்பது என்றனர் மற்றவர். இரு கட்சியும் அகிம்சையின் பெயராலேயே பேசின.

நம் நூல்கள் இம்சையை நான்காகப் பிரிப்பதை இவ்விடத்தில் பயன்படுத்தலாம். கொல்ல வேண்டும் என்னும் எண்ணத்தோடு செய்வது சங்கல்ப இம்சை. சமைத்தல், பெருக்குதல் போன்ற இல்லறச் செயல்களில் தவிர்க்க இயலாது நேர்வது ஆரம்ப இம்சை. உழவு, வாணிகம் முதலிய தொழிலால் நேர்வது உத்தியோக இம்சை. தற்காப்பில் நேர்வது விரோத இம்சை. இல்லறத்தான் முற்றும் துறக்கக் கடவது முதலாவதை. ஏனைய மூன்றையும் இயன்றவரை குறைத்துக்கொண்டே செல்ல வேண்டும். ஏர் முனையில் புழு மடிவது உத்தியோக இம்சை. பூச்சிகளை ஒழிப்பதற்கென்றே நஞ்சு தெளிப்பதும், உரத்திற்கென மீனை விலைக்கு வாங்கி ஊறவைப்பதும் அவ்வளவு எளிதாக அவ்வகையில் அடங்கிவிடா. ஆதலால் அந்த இருவழியில் ஒன்றைத் தேர்ந்து மன நிறைவு கொள்வதை நாம் ஏற்கவில்லை. மூன்றாம் வழி இருக்கிறது. பசுஞ்சாணம், கோமயம், வெல்லம், பயற்றமாவு கொண்டு ஆக்கும் ஜீவாமிர்தம் இருக்கிறது. வேப்பம் பிண்ணாக்கும் கடலைப் பிண்ணாக்கும் இருக்கின்றன. சணப்பும் தக்கைப்பூண்டும் விதைத்து மடக்கி உழும் பசுந்தாள் உரம் நம் முன்னோர் அறியாததா? மீன் அமிலம் இன்றியே விளைவிக்கும் உழவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய காயை வாங்கும் கை இருந்தால் அவர்கள் நிலைப்பார்கள்.

இதில் சிறு கடையின் சிறப்பு விளங்குகிறது. பெரிய அங்காடியின் கணக்காளரிடம் உரத்தைப் பற்றிக் கேட்டுப் பயனில்லை. இக்கடைக்காரரோ உழவரின் வீட்டையும் கிணற்றையும் அறிந்தவர். எங்கள் தாய்மார் ஐவர் சேர்ந்து, மீன் அமிலம் இடாத தோட்டத்துக் காய் வாரம் தோறும் வருமானால் இத்தனை கிலோ எடுத்துக்கொள்கிறோம், கூடுதல் விலையும் தருகிறோம் என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தனர். மூன்றாம் வாரம் அத்தகைய காய் வந்தது. கத்தரிக்காய் சற்றுச் சிறுத்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறோம். தேனை அலமாரியிலிருந்து நீக்கச் சொல்ல வேண்டும் என்று ஒருவர் வற்புறுத்தியதை மட்டும் நாம் தடுத்தோம். தேன் விற்ற பணத்தில்தான் கடை வாடகை கட்டுகிறார் அவர். விரதம் ஏற்றவர்கள் நாமேயன்றி அவரல்லர். நாம் வாங்காதிருக்கலாம், ஏன் என்று கேட்டால் விளக்கலாம், அவ்வளவே.

அடுத்துத் தானியம். இதைப் பற்றி நாம் அதிகம் கவலை கொள்கிறோம், காரணம் இங்கே இம்சை நடப்பது நம் வீட்டுக்குள்.

பெரிய கிடங்குகளில் அரிசிக்கு வண்டு பிடிக்காமல் அலுமினியம் பாஸ்பைடு வில்லைகளை வைத்து மூடுவர். அதிலிருந்து எழும் நச்சுவாயுவில் உள்ளிருக்கும் உயிரெல்லாம் மடியும். வண்டே இல்லாத அரிசி என்று நாம் மகிழ்வதன் பின்னே இது இருக்கிறது. இயற்கை அங்காடியின் அரிசிக்கு அவ்வாறு செய்வதில்லை. ஆகவே அதில் வண்டு வரும். அரிசி வண்டின் வாழ்க்கை வியப்புக்குரியது. பெண் வண்டு அரிசி மணியில் நுண்துளையிட்டு ஒரு முட்டையை வைத்து, துளையைப் பசை போன்ற ஒன்றால் அடைத்துவிடும். புழு மணிக்குள்ளேயே வளர்ந்து கூடாகி, வண்டாகித் துளைத்து வெளிவரும். வெப்பமான பருவத்தில் இதற்கு ஏறத்தாழ ஒரு மாதம். முறத்தில் புடைத்துப் பார்த்துத் தூயது என்று நாம் கொட்டி வைக்கும் அரிசியிலேயே கண்ணுக்குத் தெரியாமல் அடுத்த தலைமுறை இருக்கலாம்.

இப்போது ஒரு கணக்கு. வாரம் ஒருமுறை கால் கிலோ கருப்புக் கவுனி சமைக்கும் வீட்டில், மொத்தமாக வாங்கினால் விலை குறைகிறதென்று ஐந்து கிலோ வாங்கினர். அது தீர இருபது வாரம். மாதம் ஒரு தலைமுறையென வைத்தால் நான்கைந்து தலைமுறை வண்டுகள் அந்தத் தகரத்தில் பிறந்திருக்கும். அவற்றைப் பிறப்பித்தது எது? மிச்சம் பிடித்த அறுபது ரூபாய். பிறந்தபின் அவற்றை என்ன செய்வது? வெயிலில் பரப்பு என்பர் சிலர்; கொதிக்கும் தளத்தில் அவை துடித்து மடியும். நான்கு நாள் உறைபெட்டியில் வைத்துவிடு, முட்டையும் அழிந்துவிடும் என்பது புதிய அறிவுரை. அந்த நோக்கத்தோடு உறைபெட்டியைத் திறப்பவர் தாம் செய்வது நான்கு வகை இம்சையில் எது என்று தாமே சொல்லிக்கொள்ளட்டும்.

இதற்கு விடை போகோபபோக பரிமாண விரதம். நுகர்பொருளுக்கு அளவு குறித்துக்கொள்ளும் இந்த விரதத்தைப் பற்றற்ற மனத்திற்கான பயிற்சி என்று மட்டும் விளக்குவர். அது உயிர்காக்கும் ஏற்பாடும் ஆகும். ஒரு மாதத்திற்குள் தீரும் அளவே அரிசி, பருப்பு, சிறுதானியம் எதுவாயினும் வாங்குக. மழைக்காலத்தில் அதிலும் பாதி. சிறு கடையில் கால் கிலோவும் நிறுத்துக் கொடுப்பர். அதற்காகவே சிறு கடை நமக்கு ஏற்றது. வாங்கியவுடன், வண்டு இல்லாதபோதே, இளவெயிலில் உலர்த்தி ஈரம் போக்கி இறுக மூடிய கலத்தில் வைக்கலாம். உலர்ந்த நொச்சி இலை, வேப்பிலை, வசம்புத் துண்டு ஆகியவற்றைத் துணிமுடிச்சாக இடும் வழக்கம் வண்டை வரவிடாமல் தடுப்பதற்கே. அதையும் மீறி வந்துவிட்டால் நிழலில் வெளிச்சமான இடத்தில் பாயில் மெல்லியதாகப் பரப்பி விடுக. வண்டு வெளிச்சத்தை விரும்பாது, தானே ஊர்ந்து விலகும். ஒதுங்கியவற்றை ஒரு பிடி அரிசியோடு மரத்தடியில் விடும் பாட்டிமாரை நாம் அறிவோம். ஒரு பிடி அரிசி வீண் என்று அவர்களை நகைக்கும் மருமகள்களையும் அறிவோம்.

மாவுக்கு இன்னும் கடுமையான எல்லை உண்டு. குளிர்காலத்தில் ஏழு நாள், கோடையில் ஐந்து நாள், மழைக்காலத்தில் மூன்று நாள் என்பது திகம்பர மரபில் மாவுக்குரிய காலவரம்பு. கடையில் விற்கும் சத்துமாவுப் பொட்டலத்தில் 'ஆறு மாதத்திற்குள் பயன்படுத்துக' என்றிருக்கும். இரண்டிற்கும் உள்ள தொலைவைப் பாருங்கள். கம்பு மாவை ஒரு வாரம் வைத்து முகர்ந்தவர்க்கு நம் முன்னோர் சொன்னது விளங்கும். எண்ணெய்ப் பசை மிகுந்த அம்மாவு விரைவிலே காறும். தானியமாக வாங்கி வேண்டும்போது சிறிதளவாக அரைப்பதே தக்கது. வேலைக்குச் செல்லும் பெண்களுக்கு இது சுமை என்பதை உணர்கிறோம். சிறு மின்னரவை வைத்திருக்கும் வீட்டில் வாரம் இரு நாள், பத்து நிமிடம் போதும். அதை ஆண்களும் செய்யலாம்.

இனி அசௌரிய விரதம். திருடாமை என்றவுடன் நமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று கருதுவோம். தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் இதற்குக் கூறும் ஐந்து அதிசாரங்களைப் பாருங்கள். திருட்டைத் தூண்டுதல், திருட்டுப் பொருளை வாங்குதல், அரசு விதியை மீறுதல், அளவையில் குறைத்தும் மிகுத்தும் கொள்ளுதல், நல்ல பொருளில் போலியைக் கலத்தல். ஐந்தும் கடைத்தெருவில் நிகழ்பவை. நாட்டுச் சர்க்கரையில் வெள்ளைச் சர்க்கரை கலப்பதும், வெல்லம் மஞ்சளாகப் பளிச்சிட ஹைட்ராஸ் இடுவதும் கடைசியாகச் சொன்ன அதிசாரம். விற்பவர் குற்றம் என்று நிறுத்திக்கொள்ள முடியுமா? கருத்த வெல்லத்தை ஒதுக்கிப் பளிச்சென்றதையே பொறுக்கும் நம் விரல் அல்லவா அந்த இரசாயனத்தைக் கேட்டு வாங்குகிறது? "ரசீது வேண்டாம், விலையைக் குறைத்துப் போடு" என்பது மூன்றாவது. கருப்பட்டிக்காக ஏறி இறங்கியவரின் கூலியைச் சற்றும் எண்ணாமல் பேரம் பேசுவதை எதில் சேர்ப்பது என்று வகுப்பில் நெடுநேரம் வாதம் நடந்தது. அளவையில் மிகுத்துக் கொள்ளுதலில் சேர்க்கலாம் என்பது எம் கருத்து. சிறு கடையில் மாதக்கணக்கில் கடன் நிறுத்துவதும் அவ்வாறே.

விலை மிகுதி என்னும் குறை உண்மையானது. ஓய்வூதியத்தில் வாழும் எம்மைப் போன்றோர்க்கு எல்லாவற்றையும் அங்கே வாங்க இயலாது. எண்ணெய், வெல்லம், அன்றாட அரிசி மட்டும் அங்கே. ஏனையவை வழக்கமான கடையில் எண்களைப் படித்து வாங்குவது எங்கள் வீட்டு ஏற்பாடு. சிறுதானிய பிஸ்கட் முதலிய பண்டங்களுக்கு அங்கே செலவிடத் தேவையே இல்லை. சேர்பொருள்களை எடை மிகுந்தது முதலாக வரிசையாக எழுத வேண்டும் என்பது சட்டம். முன்புறம் கம்பங்கதிர் படம் போட்ட உறை ஒன்றின் பின்புறம் மைதா, சர்க்கரை, பாமாயில் என்று தொடங்கி நான்காவதாகவே கம்பு வந்தது.

பையைப் பற்றியும் ஒரு சொல். அனர்த்த தண்டத்தின் ஐந்து வகையுள் பிரமாதசரியை என்பது, பயனின்றி நிலத்தைத் தோண்டுதல், நீரைக் கொட்டுதல், தீயை மூட்டுதல், செடியைக் கொய்தல் முதலியன. ஐந்து நிமிடப் பயனுக்காக ஒரு நெகிழிப்பை பெற்றுத் தெருமுனையில் எரிப்பது இதற்கு எடுத்துக்காட்டாக எழுதி வைத்தது போலிருக்கிறது. எரிக்காது எறிந்தால் பசுவின் வயிற்றில் சேர்கிறது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிகளைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தையும் தொடங்கியது. எண்ணெய்க்குத் தூக்குச் சட்டியும் அரிசிக்குத் துணிப்பையும் எடுத்துச் சென்றால் கடைக்காரர் மகிழ்ந்து அளந்து தருவார். பாத்திரத்தின் எடையை முதலில் நிறுத்துக் கழிக்கச் சொல்லுங்கள், அதுவும் அசௌரியமே.

பாடசாலை நடத்துவோர்க்கு ஒரு பயிற்சி. அடுத்த ஞாயிறன்று பிள்ளைகள் ஒவ்வொருவரும் வீட்டில் தீர்ந்துபோன பொட்டலத்தின் வெற்று உறைகள் மூன்றைக் கொண்டுவரட்டும். விலைகொடுத்துப் புதிதாக வாங்கி வரலாகாது. முதலில் புள்ளி, பிறகு சேர்பொருள் வரிசை, பிறகு எண்கள், இறுதியில் அந்தப் பொருள் வீட்டில் எத்தனை நாள் இருந்தது என்று தாயிடம் கேட்டு வந்த விடை ஆகிய நான்கையும் ஏட்டில் எழுதச் செய்க. எட்டு வயதுக்கு மேற்பட்டோர்க்கு இது கடினமன்று. நான்காவது வினாவுக்குத்தான் வீட்டில் பெரியவர்கள் பதில் சொல்லத் தயங்குவார்கள். பிள்ளைகளை விடாமல் கேட்கச் சொல்லுங்கள்.